கிரிக்ஹொலோ வீட்டுச் சதி: ஃப்ரோடோட கூட்டாளிமார் செஞ்சது நட்பா துரோகமா?

உவர்மலை வாசகன்:
டொல்கீன்ட லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் நாவல் திரும்ப வாசிக்கத் தொடங்கி முதல் புத்தகத்தில அஞ்சாவது அத்தியாயத்திலயே நிண்டுட்டன். படம் பாத்தாக்களுக்கு இந்தப் பகுதி தெரியாது, அதில கூட்டாளிமார் மெரியும் பிப்பினும் ஏதோ தோட்டத்தில களவெடுத்துக்கொண்டு ஓடி வரேக்க ஃப்ரோடோவோட முட்டுப்படுவாங்கள் அவ்வளவுதான். புத்தகத்தில நாயகன் ஃப்ரோடோ, போட்டா ஆள மறைக்கிற ஆபத்தான மோதிரத்தோட ஊர விட்டுப் போகோணும், ஒருத்தருக்கும் சொல்லேலாது, அதுக்காக இருந்த வீட்டயே வித்துப்போட்டு கிரிக்ஹொலோ எண்ட இடத்தில சின்ன வீடொண்டு வாங்கி அங்க குடிபோறன் எண்டு ஊருக்குக் கதை விடுறான். கடைசியா அந்த வீட்டில எல்லாரும் குளிச்சுச் சாப்பிட்டு முடிய, சரி இனிச் சொல்லிட்டுப் பிரிவம் எண்டு வாயத் திறக்கேக்கதான் தெரியுது, அவங்களுக்கு முழுக்கதையும் முந்தியே தெரியும், கனகாலமா அவனுக்குத் தெரியாம அவன வேவு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாங்கள். மெரி, ஃப்ரோடோவ வளத்த பில்போ மோதிரத்தப் போட்டு மறைஞ்சதக் கண்டவன், அந்தாள்ட ரகசியப் புத்தகத்தயும் எட்டிப் பாத்தவன். அதவிடப் பெரிய அடி என்னெண்டா தகவல் கொண்டுவந்து குடுத்த மெயின் ஆள் தோட்டக்காரன் சாம். யன்னலுக்குக் கீழ புல்லு வெட்டுற சாட்டில நிண்டு காது குடுத்தவன்.

ஃப்ரோடோ சொல்லுறான், அப்ப நான் ஒருத்தரயும் நம்பேலாது போல எண்டு. மெரி குடுக்கிற பதில என்ட பாஷையில சொல்லுறன்: கடைசி மட்டும் கூட நிப்பம் எண்டு நம்பு, உன்ட ரகசியத்த உன்ன விட இறுக்கமா வச்சிருப்பம் எண்டும் நம்பு, ஆனா நீ தனிய ஆபத்துக்குள்ள போறத பாத்துக்கொண்டு சும்மா இருப்பம் எண்டு மட்டும் நம்பாத.

படிக்கிற காலத்தில வாசிக்கேக்க புல்லரிச்சது. இப்ப நெருடுது. ஒருத்தன் வேணாம் எண்டு மறைச்சத அவனுக்குத் தெரியாமத் தோண்டி எடுத்துப்போட்டு அத அன்பு எண்டு சொல்லலாமா? என்ன நினைக்கிறீங்க.

படம் மட்டும் பாத்தவன்:
டேய் இப்பிடி ஒரு சீன் இருக்கா?? அத ஏன் படத்தில விட்டவங்கள். சாம் கடைசி மட்டும் சொக்கத்தங்கம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான் 😂

பின்குடாக் காற்று:
//அன்பு எண்டு சொல்லலாமா?//
எனக்கு இந்த அத்தியாயம் பிடிக்கவே பிடிக்காது, அதுக்கு டொல்கீன் காரணமில்ல, நான் வளந்த ஊர்தான் காரணம். தொண்ணூறுகள்ல திருமலையில வளந்த ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க, நாலு பேர் ஒருத்தனுக்குத் தெரியாமக் கூடி அவன் எங்க போறான் ஆரோட கதைக்கிறான் எண்டு பாத்து வச்சா அதுக்கு என்ன அர்த்தம் எண்டு. தலையாட்டி எண்டு சொன்னா என்ட அம்மாக்கு இப்பவும் முகம் மாறும். முகத்த மூடிக்கொண்டு வாகனத்துக்குள்ள இருப்பான், வரிசையில போற ஆக்களப் பாத்துத் தலைய ஆட்டுவான், ஆட்டினா ஆட்டினதுதான் பிறகு கதையில்ல. அந்தத் துணிக்குள்ள இருந்தது பக்கத்து வீட்டுக்காரனாயும் இருக்கலாம், வாங்கில பக்கத்தில இருந்து படிச்சவனாயும் இருக்கலாம். அதால நாங்க பழகின பழக்கம், கூட்டாளிட்டக்கூட தேவையில்லாமக் கேக்கிறதுமில்ல சொல்லுறதுமில்ல. தெரியாம இருந்தாத்தான் அவனுக்கும் பாதுகாப்பு எனக்கும் பாதுகாப்பு. ஃப்ரோடோ மறைச்சதும் அதே காரணத்துக்குத்தானே, தெரிஞ்சா அவங்களயும் சேத்துக் கொல்லுவாங்கள் எண்டுதானே. அந்த முடிவத் தூக்கி எறிஞ்சுபோட்டு அவங்கள் மேசையில இருந்து காளான் சாப்பிட்டுச் சிரிக்கிறாங்கள், எனக்கு அது சிரிப்பா இல்ல.

துறையடி காக்கா:
தம்பி சொல்லுறது விளங்குது, எங்கட கிண்ணியாப் பக்கமும் ரெண்டு தரப்புக்கும் பயந்து இருந்த காலம்தான் அது. ஆனா மனே ஒண்டப் பாருங்க, தகவல் ஆருக்குப் போகுது? தலையாட்டி சொல்லுறது பிடிக்க வாறவனுக்கு. சாம் சொன்னது கூட வாறவங்களுக்கு. இன்னொரு விசயம், மந்திரவாதி கந்தால்ஃப்ட கையில சாம் அம்பிட்ட நாள்ல இருந்து அவங்களுக்கு ஒரு சொல் சொல்லல்ல. வாக்குக் குடுத்து வெளிய விட்ட கைதி மாதிரி வாயப் பொத்திட்டான் எண்டு மெரியே சொல்லுறான். அதாவது அவன்ட மனசில ஒரு எல்லை இருந்திருக்கு, எதுவரைக்கும் சொல்லலாம், எதுக்கு மேல சொல்லக்கூடாது எண்டு. காசுக்குச் சொல்லுறவனுக்கு அப்பிடி எல்லை இரிக்காது.

அதோட அந்தக் கூட்டத்தில எல்லாரும் மறக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான், ஃப்ரெடெகர் போல்ஜர். அவனுக்கு ஊர விட்டுப் போக விருப்பமில்ல, பயம் எண்டு வெளிப்படையாவே சொல்லுறவன். அவன்ட வேலை அந்த வீட்டிலயே தங்கி ஃப்ரோடோ இன்னும் இஞ்சதான் இருக்கிறான் எண்டு ஊர நம்ப வைக்கிறது. பிறகு மோதிரத்தத் தேடி வந்த கறுப்புக் குதிரைக்காரனுகள் ராவில கதவ உடைச்சு வந்தது அந்த வீட்டுக்குத்தான். போல்ஜர் பின்கதவால ஓடி ஊரையே எழுப்பினான். அவன்ட பேர் பாட்டிலயும் இல்ல படத்திலயும் இல்ல. வேவு பாத்த கூட்டம் எண்டு சொல்லுறதுக்கு முந்தி அவனையும் கணக்கில எடுக்கணும்.

(அந்த அத்தியாயத்துத் தொடக்கத்தில பாதையில, அதான் ஆக்கள ஏத்துற மிதவையில, ஆறு கடக்கிற இடம் ஒண்டு வரும், இவங்க அக்கரை போய்த் திரும்பிப் பாத்தா துறையில கறுப்பா ஒண்டு குனிஞ்சு மோப்பம் பிடிக்குது, பாதை இந்தப் பக்கம் வந்துட்டதால அவனுக்குப் பாலத்தச் சுத்தித்தான் வரணும். 2009ல எங்கட பாலம் திறக்கு முந்தின ஆக்களுக்கு அந்தப் பயமும் அந்த நிம்மதியும் நல்லா விளங்கும்.)

உவர்மலை வாசகன்:
போல்ஜர் நல்ல பொயின்ற் காக்கா. ஆனா பின்குடா கேட்ட கேள்வி அப்பிடியே நிக்குது. ஆருக்குப் போகுது எண்டது நோக்கம். நோக்கம் நல்லதெண்டா வழி சரியாயிடுமா?

டொரொண்டோத் திருமலையான்:
எல்லாரும் சாம நண்பன் எண்டு வச்சுத்தான் கதைக்கிறீங்க. அவன் நண்பனே இல்ல, வேலையாள். புத்தகம் முழுக்க மிஸ்டர் ஃப்ரோடோ, மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுறான். ஃப்ரோடோ அவன மிஸ்டர் சாம் எண்டு கூப்பிட்டதாத் தெரியேல்ல. ஃப்ரோடோவ மலைக்கு மேல தூக்கிக்கொண்டு போகேக்கயும் மாஸ்டர், சமைச்சுக் குடுக்கேக்கயும் மாஸ்டர். எங்கட ஊர் வீடுகள்ல பின்வாசலால வந்து போன ஆக்களப் பத்தி "அவன் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" எண்டு பெரியாக்கள் சொல்லுவினமே, அந்த "மாதிரி"தான் எனக்கு இதில கேக்குது.

சாம்பல்தீவு டீச்சர்:
தம்பி திருமலையான், அது சரியான அவதானம், ஆனா அதோட நிப்பாட்டிடாதீங்க. டொல்கீன் முதலாம் உலக யுத்தத்தில, 1916ல சோம் சண்டையில நிண்ட அதிகாரி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் இராணுவத்தில அதிகாரிக்கு ஒரு சிப்பாய் பணிவிடைக்கு இருப்பான். சாம்ட பாத்திரம் தான் 1914 யுத்தத்தில கண்ட அந்தச் சாதாரண சிப்பாய்மார்ட சாயல் எண்டும், அவங்கள் தன்ன விட எவ்வளவோ மேலானவங்கள் எண்டும் அவரே சொல்லியிருக்கிறார். 1918 முடியேக்க அவர்ட நெருங்கின கூட்டாளிமார்ல ஒருத்தரத் தவிர மற்றாக்கள் உயிரோட இல்ல. அதால மேல்கீழ் இல்லாத நட்ப அவர் காட்டேல்ல எண்டது உண்மை, மேல்கீழ் இருந்த இடத்திலயே நட்பு என்ன பாடு படும் எண்டுதான் காட்டுறார். முடிவில ஃப்ரோடோ கப்பல் ஏறேக்க வீடும் எழுதின புத்தகமும் சாமுக்குத்தான் போகுது. தோட்டக்காரன் பிறகு ஏழு தரம் ஊருக்கு மேயர்.

எங்கட பக்கம் குகன் இருக்கிறான்தானே. படகோட்டி வேடன். கம்பன் இராமன்ட வாயால அவன அஞ்சாவது சகோதரனாக்குறான், பேந்து வீடணன் வரேக்க அந்தக் கணக்கில அவனையும் சேக்கிறான். அந்த வீடணன் அடைக்கலப் பகுதிய எடுத்துப் பாருங்க, எதிரி வீட்டில இருந்து வந்தவன நம்பலாமா எண்டு ஒரு சபையே கூடி விவாதிக்குது, சுக்கிரீவன் வேணாம் எண்டுறான், அனுமன் நம்பலாம் எண்டுறான். நம்பிக்கையப் பத்தி எங்கட ஆக்கள் எழுதினதில அதுக்கு மேல ஒண்டு இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

பின்குடாக் காற்று:
டீச்சர் கோவிக்காதீங்க, கோணேசர் மலையில இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு வீடணனத் தூக்கிப் பிடிச்சா ஊர் விடாது 😄 இஞ்ச எங்கட ஓட்டு கும்பகர்ணனுக்கு. அண்ணன் செஞ்சது பிழை எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு அண்ணனுக்காகவே செத்தவன்.

சாம்பல்தீவு டீச்சர்:
கோவமில்லை அப்பன். முகத்துக்கு நேர சொன்னான் எண்டீங்களே, அதத்தான் மெரியும் செஞ்சான் எண்டு வாசிச்சுப் பாருங்க.

படம் மட்டும் பாத்தவன்:
ஐயோ சாமில இருந்து கும்பகர்ணனுக்குப் போயிட்டம். எனக்கு ஒரு சந்தேகம், படத்தில மோதிரத்த முந்தி வச்சிருந்து இப்ப இவங்களுக்கு வழி காட்டுற கோல்லம் ரொட்டித் துகள சாம்ட உடுப்பில தூவிவிட்டு ஃப்ரோடோ சாம வீட்ட போ எண்டு துரத்துவானே, அப்ப ஃப்ரோடோதானே நம்பிக்கைய உடைச்சது? நான் அதில அழுதனான்.

உவர்மலை வாசகன்:
அது 2003 படத்துக்காகச் செஞ்சது மச்சான், புத்தகத்தில அப்பிடி ஒண்டு நடக்கவே இல்ல. ஃப்ரோடோ சாம ஒருக்காலும் துரத்தேல்ல. எனக்கு அந்த மாத்தம் பிடிக்காது, பதினொரு ஒஸ்கார் எடுத்த படமெண்டாலும். அவ்வளவு தூரம் வந்த ரெண்டு பேர் ரொட்டித் துகளுக்காகப் பிரியுவினமா.

துறையடி காக்கா:
நம்பிக்கை எண்டதும் எனக்கு லோத்லோரியன் கதைதான் ஞாபகம். எல்ஃப்மார்ட காட்டுக்குள்ள போகணுமெண்டா ஃப்ரோடோவோட வாற கிம்லிக்குக் கண்ணக் கட்டணும் எண்டு காவல் நிக்கிற ஹல்டிர் சொல்லுறான், ஏனெண்டா அவன் குள்ளன், அவங்களுக்கும் இவங்களுக்கும் பழைய பகை. கிம்லி கோடரியில கைய வச்சிட்டான். அந்த இடத்தில கூட்டத்தக் கொண்டுபோற ஆரகோர்ன் சொன்னது, அப்பிடியெண்டா எல்லாருக்கும் கட்டுங்க, லெகோலஸுக்கும் சேத்து. லெகோலஸுக்கு ஏறின கோவத்தப் பாக்கணும், தன்ட சொந்த சனத்திட காட்டில தனக்கே கண்கட்டா எண்டு. அதுவரைக்கும் கிம்லிக்கு மட்டும் எண்டு இருக்கேக்க ஆளுக்கு அவ்வளவு கோவம் வரல்ல கவனிச்சீங்களா?

சண்டைக் காலம் செக் பொயின்ற்ல பஸ்ஸ நிப்பாட்டி ஐடி காட் பாத்து ஆக்கள இறக்குவாங்க. என்னோட வேலை செஞ்ச சிங்களப் பெடியன் ஒருத்தன், அவன் ஸீட்ல இருந்திரிக்கலாம், என்னோட இறங்கி வெயிலுக்குள்ள நடந்து வருவான். ஒரு நாளும் அதப் பத்திக் கதைச்சதில்ல. இப்பவும் பெருநாளுக்கு வட்டிலப்பம் கேட்டு ஃபோன் எடுப்பான். ஆரகோர்ன் செஞ்சதும் அவன் செஞ்சதும் ஒண்டுதான், லெகோலஸ் எண்டால் சொல்லித்தான் இறங்கினவன்.

அலஸ்தோட்டத்துப் பிள்ளை:
கன நேரமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், காக்காட கதைக்குப் பிறகு எழுதாம இருக்கேலாது. எல்லாரும் கிரிக்ஹொலோவ மட்டும் தனிய வச்சுப் பாக்கிறீங்க. நான் அத ரெண்டாம் பாகத்தில வாற குளத்தோட சேத்து வாசிக்கிறன்.

ஃபராமிர் எண்ட தளபதிட ஆக்கள் ஒளிச்சிருக்கிற இடத்தில ஒரு குளம், அங்க வந்தா சாவுதான் தண்டனை. கோல்லம் தெரியாம மீன் பிடிக்க இறங்கிட்டான், மேல அம்போட நிக்கிறாங்கள். ஃப்ரோடோ கொல்லவேணாம் எண்டு கெஞ்சிப்போட்டு தானே இறங்கிப் போய் வா வா எண்டு கூப்பிடுறான், ஃப்ரோடோ கூப்பிட்டபடியாத்தான் கோல்லம் வாறான், வந்தோண்ண பிடிச்சுக் கட்டுறாங்கள். ஃப்ரோடோவுக்கே மனசுக்குள்ள குத்துது, இது இவனுக்குத் துரோகமாத்தான் தெரியும் எண்டு. என்னை நம்பு எண்டு சொல்லுறான், கோல்லம் துப்புறான்.

இப்ப ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வையுங்க. கிரிக்ஹொலோவில ஃப்ரோடோவ அவன்ட நன்மைக்கெண்டு கூட்டாளிமார் ஏமாத்தினவங்கள். குளத்தில கோல்லத்த அவன்ட உயிருக்கெண்டு ஃப்ரோடோ ஏமாத்தினவன். செயல் ஒரே செயல். ஆனா கிரிக்ஹொலோவில ஃப்ரோடோ "உங்கள நம்பேலாது போல" எண்டு குற்றம் சொல்ல இடமிருந்தது, மெரி அவனுக்கு நேர இருந்து பதில் சொன்னான், எதுக்கு எங்கள நம்பலாம் எதுக்கு நம்பேலாது எண்டு பிரிச்சுச் சொன்னான். ஃபராமிர விட்டு வெளிக்கிட்டுப் போகேக்க கோல்லமும் அதே குற்றத்தச் சொல்லுறான், ஸ்மீகோல் (தன்னத்தான் அப்பிடிச் சொல்லுறான்) எல்லாத்தயும் மன்னிப்பான், நல்ல மாஸ்டர்ட சின்னச் சின்னத் தந்திரத்தயும் மன்னிப்பான் எண்டு நக்கலா ஒரு கதை. அடுத்த வரிய எடுத்துப் பாருங்க, ஃப்ரோடோவும் சாமும் பதில் சொல்லேல்ல. மூட்டையத் தூக்கிக்கொண்டு நடக்கிறாங்கள். எனக்கு அந்த வரி வாசிக்கேக்க ஒவ்வொரு தரமும் கத்தோணும் போல இருக்கும், சொல்லுங்கோவன் அவனுக்கு, அம்போட மேல நிண்டாங்கள் எண்டு சொல்லுங்கோவன்!

அதால உவர்மலை அண்ணா கேட்டதுக்கு என்ட பதில், மறைச்சதும் வேவு பாத்ததும் பிழைதான், நோக்கம் அத வெள்ளையாக்காது. ஆனா அந்தப் பிழையோட ஒரே மேசையில இருந்து கணக்குத் தீக்கிறதுக்கு அவங்கள் தயாரா இருந்தவங்கள். கோல்லத்துக்கு அந்த மேசை கிடைக்கவே இல்ல.

உவர்மலை வாசகன்:
யோவ். குளத்தயும் கிரிக்ஹொலோவயும் நான் சேத்து யோசிச்சதே இல்ல.

டொரொண்டோத் திருமலையான்:
ஆனா குளத்தில முந்தியே சொல்லியிருந்தா கோல்லம் ஓடியிருப்பான், ஓடினா அம்பு பாஞ்சிருக்கும். சொல்லாம விட்டதுதான் அவனக் காப்பாத்தினது.

அலஸ்தோட்டத்துப் பிள்ளை:
முந்திச் சொல்லச் சொல்லேல்ல அண்ணா. மெரியாக்களும் முந்திச் சொல்லேல்லத்தானே. பிறகு சொல்லோணும். பிறகும் சில நாள் ஒண்டா நடந்தவங்கள்தானே.

சாம்பல்தீவு டீச்சர்:
பிள்ளை சொன்னது நல்ல வாசிப்பு. அதோட சத்தியத்தயும் சேத்துப் பாருங்க. ரிவெண்டெல்ல இருந்து மோதிரத்த அழிக்க ஒன்பது பேர் வெளிக்கிடேக்க அங்கத்த எல்ஃப் தலைவர் எல்ரொண்ட் மோதிரம் சுமக்கிறவனுக்கு மட்டும்தான் பொறுப்புக் குடுத்தவர், ஒருத்தர்ட்டயும் சத்தியம் வாங்கேல்ல, விரும்பின தூரம் வாங்க, திரும்போணுமெண்டா திரும்புங்க எண்டுதான் விட்டவர். கிம்லி சத்தியம் பண்ணினா தளர்ற மனசுக்குப் பலம் எண்டான், அது மனச உடைக்கவும் கூடும் எண்டார் எல்ரொண்ட். கோல்லத்திட்ட மட்டும் மோதிரத்து மேல சத்தியம் வாங்கினாங்கள். கட்டுப்படாதவங்கள்ல பொரோமிர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டு விழுந்தான் உண்மைதான், ஆனா மெரியும் பிப்பினும் ஒரு சத்தியமுமில்லாம நிண்டவங்கள், அவங்கள அனுப்ப எல்ரொண்டுக்கு மனமே இல்ல, பெரிய அறிவ விட அவங்கட நட்ப நம்பலாம் எண்டு கந்தால்ஃப்தான் கதைச்சு அனுப்பினது. வள்ளுவர் ஆராயாம நம்புறதும் நம்பின பிறகு ஐயப்படுறதும் ரெண்டும் தீராத துன்பம் எண்டார். கோல்லத்தோட ஃப்ரோடோ முதலாவதச் செஞ்சான், சாம் ரெண்டாவதச் செஞ்சான் எண்டு வகுப்பில சொல்லலாம், ஆனா சாம் அவன ஒரு நாளும் நம்பினதே இல்லையே, அப்ப அந்தக் குறளுக்குள்ள சாம் அடங்கமாட்டான்.

பின்குடாக் காற்று:
சாம் எண்டதும் எனக்கு இப்ப ஒண்டு பொறி தட்டுது. சிரித் உங்கோல் எண்ட மலைப் படியில ஃப்ரோடோவும் சாமும் நித்திரை, கோல்லம் வந்து பாக்கிறான், அந்த நேரம் அவன்ட முகம் மாறுது, களைச்ச கிழவன் மாதிரி, மெல்லக் கைய நீட்டி ஃப்ரோடோட முழங்கால்ல தொடுறான். சாம் முழிச்சு ஏசுறான், என்ன மாஸ்டரத் தடவிக்கொண்டு நிக்கிறாய், பதுங்கிப் பதுங்கிப் போய் வாறாய் எண்டு. அதோட கோல்லத்திட கண்ணில பச்சை வெளிச்சம் திரும்பி வந்திட்டுது, முடிஞ்சுது. 1963ல டொல்கீன் ஒரு வாசகிக்கு எழுதின கடிதத்தில முழுக்கதையிலயும் தனக்கு ஆகச் சோகமான இடம் அதுதான் போல எண்டு எழுதியிருக்கிறார்.

ஏசினது ஆரு? யன்னலுக்குக் கீழ பதுங்கி நிண்டு ஒட்டுக்கேட்டவன்! அவனக் கந்தால்ஃப் காதில பிடிச்சுத் தூக்கிக்கொண்டு வந்து தண்டனையா ஃப்ரோடோவோட அனுப்பி வச்சார். பதுங்கினதுக்கு இவனுக்குக் கிடைச்சது பயணம், ஃப்ரோடோட பக்கத்தில ஒரு இடம். அதே பதுங்கலுக்கு கோல்லத்துக்கு இவன் குடுத்தது ஏச்சு. எனக்கு அஞ்சாவது அத்தியாயம் இப்பவும் பிடிக்காது, ஆனா பிடிக்காததுக்கு இன்னொரு காரணமும் கிடைச்சிட்டு.

துறையடி காக்கா:
தம்பி உணர்ச்சிவசப்படாதீங்க. கோல்லம் அந்த நேரம் எங்க போயிட்டு வந்தவன்? ஷெலொப்ட குகைக்கு. இவங்க ரெண்டு பேரையும் சிலந்திக்கு இரையாக் குடுக்கிற ஏற்பாடு முடிச்சுப்போட்டு வந்த ஆள். பதுங்கிப் போய்ப் பதுங்கி வந்தது நூறு வீதம் உண்மை. சாம்ட சந்தேகம் பிழையெண்டா நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க, நான் சாம்ட இடத்தில இருந்தா கைல கிடைச்சதால அடிச்சிருப்பன்.

பின்குடாக் காற்று:
சந்தேகம் சரிதான் காக்கா. சரியா இருந்தும் அந்த நேரம் சொன்ன சொல்லு கெடுத்துப்போட்டுதே.

துறையடி காக்கா:
ஏசாம விட்டிருந்தா மட்டும் அவன் குகைக்குக் கூட்டிப் போகாம விட்டிருப்பான் எண்டு எந்தப் பக்கத்தில எழுதியிருக்கு? ஒருக்கா முழங்கால்ல தொட்டதுக்காக ஆள் திருந்திட்டான் எண்டு எடுக்கேலாது. நாளைக்கு இஷாவுக்குப் பிறகு வாறன், அந்தப் பக்கத்த வாசிச்சுப்போட்டு ஆரெண்டாலும் எனக்குக் காட்டுங்க.

படம் மட்டும் பாத்தவன்:
நான் வாசிக்கப் போறன், முடிவெடுத்திட்டன். உவர்மலை உன்ட புத்தகத்தத் தா, முதல் பாகம் மட்டும் போதும் இப்போதைக்கு. அட்டைய மடிக்கமாட்டன்.

உவர்மலை வாசகன்:
போன முறை எடுத்த கிரிக்கெட் பட்டையே இன்னும் வரேல்ல மச்சான். பின்னேரம் டச்சுக்குடாப் பக்கம் வா, பட்டோட வா.